பதிவான தேதி

போன வாரம் ஒரு பொய் சொன்னேன். வாயால் அல்ல, கம்ப்யூட்டரில். சரியாகச் சொன்னால் பதினெட்டுப் பொய். ஒவ்வொன்றையும் நிதானமாக உட்கார்ந்து டைப் செய்தேன்.

இந்தப் பக்கத்தைத் திறக்கும்போதே சிரிக்கத் தயாராக வருகிறவர்கள் இந்த வாரம் என்னை மன்னிக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் பார்க்கிங் சண்டை, மேல்மாடிக்காரரின் கரவோக்கே — எல்லாம் அப்படியே இருக்கின்றன, எங்கேயும் போய்விடாது. எனக்குத்தான் வேறு எதையும் எழுதக் கை வரவில்லை.

என் நண்பன் குணா செத்துப் போய் இன்றோடு பத்தொன்பது நாள்.

நாற்பது வருடப் பழக்கம். கிள்ளானில் வீடு. போர்ட்டில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும் — இதுதான் அவன் வேதம். வீட்டு ஃபிரிட்ஜில் முட்டையைக்கூட வாங்கிய தேதிப்படிதான் அடுக்குவான். அவன் மனைவி சாரதா அவசரத்துக்குக் கையில் கிடைத்த முட்டையை எடுத்து உடைத்தால் அன்றைக்கு வீட்டில் விசாரணை நடக்கும்.

ஒரே மகள் தர்ஷினி. அயர்லாந்தில் மருத்துவம் படிக்கிறாள், கடைசி வருடம். ஜனவரியில் பெரிய பரீட்சை, ஜூனில் பட்டமளிப்பு. அப்பா போன செய்தி கேட்டு ஓடி வந்தாள். இரண்டு விமானம் மாறி, அவள் கிள்ளான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டு போட்டிருந்தார்கள். பெட்டிக்குள் படுத்திருக்கும் மனிதனுக்கு எதற்குத் துண்டு என்று தோன்றியது. கேட்கவில்லை. அந்த நேரத்தில் யார் கேட்பார்கள்?

"தொண்டையில கட்டிண்ணே. கண்டுபிடிச்சு மூணே வாரம். போயிட்டாரு" என்றார் சாரதா. வந்தவர்கள் எல்லோருக்கும் அதே பதில். மகளுக்கும் அதே பதில்தான்.

சரி, கம்ப்யூட்டரில் சொன்ன பொய்க்கு வருகிறேன்.

எழுத வருவதற்கு முன் நான் வீடியோ எடிட்டர் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் அந்த வேலை. அதனால் தெரிந்தவர்கள் வீட்டில் யார் தவறினாலும் எனக்கு ஒரு போன் வரும். இப்போதெல்லாம் பதினாறாம் நாள் பிரேயர்ஸ் என்றால் மூன்று பேரை முதலில் புக் பண்ண வேண்டும் — பூஜைக்குப் பண்டாரம், கேட்டரிங், புரொஜெக்டர்காரர். சாமி கும்பிட்டு முடித்ததும் விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் படம் ஓடும். போனவர் சிரிப்பார், கேக் வெட்டுவார், கேமரன் மலையில் ஸ்வெட்டர் போட்டு நிற்பார். இருக்கிறவர்கள் அழுவார்கள். அப்புறம் சைவச் சாப்பாடு. நான் இப்படி ஏழெட்டுப் படம் செய்து கொடுத்திருக்கிறேன்.

பதினோராம் நாள் மத்தியானம் தர்ஷினி கோமுட்டர் ரயில் பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். கையில் குணாவின் போன்.

"அங்கிள், அப்பா எனக்கு அடிக்கடி வீடியோ மெசேஜ் அனுப்புவாரு. ஜூன் கடைசில ஆரம்பிச்சு, போறதுக்கு முந்தின வாரம் வரைக்கும். மொத்தம் பதினெட்டு. அதை மட்டும் வெச்சு ஒண்ணு செஞ்சு தர்றீங்களா? வேற எதுவும் வேணாம்."

"கல்யாண வீடியோ, போட்டோ எல்லாம்?"

"வேணாம் அங்கிள். கடைசி வரைக்கும் அப்பா எவ்ளோ ஜாலியா இருந்தாருன்னு எல்லாரும் பார்க்கணும். டேட் ஆர்டர்ல வெச்சிடுங்க. கீழ மூலையில தேதியும் போட்டிருங்க, ஓகே?"

அவள் போனில் இருந்தவை மெசேஜில் வந்தவை. சுருங்கிப் போய், கலங்கலாக இருந்தன. பெரிய திரைக்குத் தாங்காது. படம் செய்ய வேண்டும் என்று அவள் முதல்நாள் போனில் சொன்னபோதே அசல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அதனால்தான் அப்பாவின் போனை எடுத்து வந்தாள்.

"நான் திறக்கல அங்கிள். மனசு வரல. அம்மாகிட்ட பின் நம்பர் மட்டும் வாங்கிட்டு வந்தேன்" என்றாள்.

அவள் போன பிறகு வேலையில் உட்கார்ந்தேன். இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரு வீடியோவுக்குப் பல தேதி உண்டு. நம் கைக்கு வந்து சேர்ந்த தேதி ஒன்று. கம்ப்யூட்டரில் ஏற்றிய தேதி ஒன்று. கடைசியாகத் திருத்திய தேதி ஒன்று. இவை எல்லாம் ஆளைப் பொறுத்து மாறும், நம்ப முடியாது. உண்மையான தேதி ஒன்றே ஒன்று — கேமராவில் சிவப்புப் பொத்தானை அமுக்கிய அந்த நிமிடம். பதிவான தேதி. அது கோப்புக்கு உள்ளே எழுதப்பட்டிருக்கும், வெளியே தெரியாது. எடிட்டிங் மென்பொருளிடம் 'பதிவான தேதிப்படி பிரி' என்று சொன்னால் போதும். நாளுக்கு ஒரு பெட்டி போட்டு, எந்தக் கிளிப் எந்த நாளோ அந்தப் பெட்டியில் தானே அடுக்கிக் கொடுத்துவிடும். சோம்பேறிகளுக்கென்றே கண்டுபிடித்த வசதி.

அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு மூன்று கேமரா வரும், மூன்றிலும் மூன்று தேதி இருக்கும். ஒன்றில் வருடமே தப்பு. மாப்பிள்ளை தாலி கட்டியதற்கு மறுநாள் நிச்சயதார்த்தம் நடக்கும். அதையெல்லாம் நேர் செய்த கை இது.

குணாவின் போனில் ஜூனிலிருந்து முப்பத்தொரு வீடியோ இருந்தது. எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டுப் பொத்தானைத் தட்டினேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று வரிசையாகப் பெட்டிகள் வரும் என்று காத்திருந்தேன்.

வந்தது ஒரே ஒரு பெட்டி.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. முப்பத்தொரு வீடியோவும் அதற்குள் உட்கார்ந்திருந்தன. முதல் வீடியோ காலை பத்து பன்னிரண்டு. கடைசி வீடியோ மாலை நாலு நாற்பது.

போனில்தான் கோளாறு என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது? தீபாவளி வாழ்த்து வீடியோ இருக்கிறதே, ஜிப்பா போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, பக்கத்தில் முறுக்கு டின்னோடு... அது எப்படி ஜூன் மாதத்தில் பதிவாகும்? போனில் தேதி நின்றுபோயிருக்கும், கையால் திருத்திக்கொள்ளலாம் என்று தீபாவளிக் கிளிப்பைத் திறந்தேன்.

தர்ஷினிக்குப் போனது வெட்டி எடுத்த பகுதி. என்னிடம் இருந்தது அசல், தலையும் வாலும் வெட்டாதது. குணா 'ஹேப்பி தீபாவளி டாக்டரம்மா' என்று ஆரம்பிப்பதற்கு முன் எட்டு விநாடி இருந்தது. அந்த எட்டு விநாடியில் அவன் கேமராவுக்கு முதுகு காட்டி நிற்கிறான். சுவரில் குதிரைக் காலண்டர் — மளிகைக் கடையில் வருடா வருடம் தருவார்களே, பெரிய பெரிய எண்ணாக, பந்தய நாளில் குட்டிக் குதிரைப் படம் போட்டு, அது. அதன் தாளை ஒவ்வொன்றாகத் தூக்குகிறான். தீபாவளி மாதம் வந்ததும் நிறுத்தி, மேல் தாள்களை ஒரு கிளிப்பால் கவ்விவிடுகிறான். தள்ளி நின்று பார்க்கிறான். "மாசம் சரியா தெரியுதா?" என்று கேட்கிறான். "தெரியுதுங்க" என்று சாரதாவின் குரல்.

கிளிப்பை அங்கேயே நிறுத்தினேன்.

கிள்ளானுக்குப் போன் அடித்தேன். "சாரதா, இந்த வீடியோ எல்லாம் ஒரே நாள்ல எடுத்ததா?"

"எப்படிண்ணே தெரிஞ்சது?" என்றார்.

"உள்ள தேதி இருக்கும்மா."

"வீடியோவுக்கு உள்ள தேதி இருக்குமா? நாங்கதான் காலண்டரை மாத்தினோமே..."

அப்படியே உடைந்து அழுதார். அழுதுகொண்டே சொன்னார். கட்டியைக் கண்டுபிடித்தது மூன்று வாரம் முன்பு அல்ல. மே மாதம். குரல்வளையை எடுத்துவிட வேண்டும், வேறு வழியில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. அதற்கு முந்தின சனிக்கிழமை குணா இருக்கிற சட்டைகளை எல்லாம் அயர்ன் பண்ணச் சொல்லியிருக்கிறான்.

"'பேச்சுதான்டி போகும், ஆளு இருப்பேன்'னாரு. 'ஆனா புள்ள என் குரலைக் கேக்கலைன்னா விடமாட்டா, அடுத்த ஃபிளைட்ல வந்து நிப்பா. படிப்பு போயிடும். அவ பாஸ் பண்ற வரைக்கும் ஸ்டாக் எடுத்து வெச்சுக்குவோம்'னாரு."

ஸ்டாக். ஸ்டோர்கீப்பர் புத்தி.

ஒரு பட்டியல் எழுதி, தேதி வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பேசியிருக்கிறான். 'இன்னிக்கு மழைமா.' 'இன்னிக்கு உங்கம்மா மீன் கறி.' மெர்டேக்கா சுதந்திர தினம். தீபாவளி. வெளியே போகாமல் மிச்சமிருந்தவை — பொங்கல், அவள் பிறந்தநாள், பரீட்சைக்கு முதல் நாள், ரிசல்ட், பட்டமளிப்பு. அனுப்பும்போதும் வரிசை தப்பவில்லை. முதலில் எடுத்தது முதலில் போனது.

"வீடியோ கால் வந்தா அவரு ரூமுக்குள்ள போயிடுவாரு. நான் 'அப்பா கோயில் கமிட்டி மீட்டிங் போயிருக்காருமா'ன்னுவேன். அஞ்சு மாசமா அந்த மனுஷன் போகாத மீட்டிங் இல்லண்ணே."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நான் சொல்லலாம்னுதான் சொன்னேன். 'வேணாம், அவன்கிட்ட சொன்னா அடுத்த வாரமே பேப்பர்ல எழுதிடுவான்'னாரு."

நியாயம்தான். இதோ, எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன். (தர்ஷினியிடமும் சாரதாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

"தயவுசெஞ்சு அவகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. பதினாறாம் நாள் முடிஞ்சு மூணாம் நாள் அவளுக்கு ஃபிளைட். இப்ப தெரிஞ்சா அவ போக மாட்டா. பரீட்சை முடியட்டும், நானே சொல்லிக்கிறேன். அவரு இவ்ளோ செஞ்சதும் அதுக்குத்தானே?"

செத்தவன் ஒருவன் ஒரு நாள் முழுக்க நின்றுகொண்டு சட்டை மாற்றி மாற்றிச் சொன்ன பொய். அதைக் கலைக்க நான் யார்? "சரிம்மா" என்றேன்.

மென்பொருளில் ஒரு வசதி உண்டு. தேதி தப்பாக இருந்தால் கையால் மாற்றிக்கொள்ளலாம். அதைத்தான் செய்தேன். பதினெட்டு கிளிப்பின் பதிவான தேதியையும் அழித்து, அவளுக்கு வந்து சேர்ந்த தேதியைப் போட்டேன். முதல் கிளிப்பில் கொஞ்சம் கூசியது. ஏழாவது கிளிப்பில் பழகிவிட்டது. பொய்யும் ஒரு வேலைதானே, நாலு தடவை செய்தால் கை வேகம் வந்துவிடுகிறது. காலண்டரை மாற்றும் விநாடிகளை எல்லாம் சுத்தமாக வெட்டினேன். ஒவ்வொரு கிளிப்பிலும் காலண்டர் மாதமும் நான் போட்ட தேதியும் ஒத்துப் போகிறதா என்று இரண்டு தடவை சரி பார்த்தேன். எல்லாம் கச்சிதம். மாதம் மாதமாக நகர்ந்தது படம்.

முப்பத்தொன்றில் பதினெட்டு தர்ஷினிக்குப் போனவை. பன்னிரண்டு போகாமல் மிஞ்சியவை. மீதி ஒன்று? அதில் நீலக்கோடு போட்ட சட்டை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது எனக்கு வந்தது. ஆகஸ்டில் என் அறுபதாவது பிறந்தநாளுக்கு அனுப்பிய வாழ்த்து. அதை மட்டும் தனியாக நகர்த்தி ஓரமாக வைத்தேன். திறக்கத் தைரியம் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் தர்ஷினி மறுபடி வந்தாள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே மோனோரயில் போய்க்கொண்டிருந்தது. படத்தை ஓட்டினேன்.

முதல் ஐந்து நிமிடம் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். ஆறாவது நிமிடம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏதோ நினைத்து அழுகிறாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. படம் முடிந்தது.

"அங்கிள், முதல்ல இருந்து."

மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை அவள் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அதற்கும் மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க. அங்கிள், கடிகாரத்தைப் பாருங்க."

காலண்டருக்கு மேலே ஒரு சுவர்க்கடிகாரம். வட்டமானது, வெள்ளை முகம். பதினெட்டு கிளிப்பிலும் அதே இடத்தில் இருக்கிறது.

"ஜூன் வீடியோல பத்து பத்து. அடுத்ததுல பத்தரை. ஜூலைல பத்து ஐம்பது, பதினொண்ணே கால். செப்டம்பர்ல ஒண்ணே முக்கால். தீபாவளில ரெண்டே முக்கால். ஒரு தடவைகூட பின்னாடி போகல. அஞ்சு மாசமா எங்கப்பா வீட்டுக் கடிகாரம் ஒரே நாளைத்தான் ஓட்டியிருக்கு."

நானும் அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். வாரம் ஒன்றாக வந்தபோது அந்தக் கடிகாரத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. கலைத்துப் போட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. குணா வரிசை தப்பாமல் எடுத்தான், வரிசை தப்பாமல் அனுப்பினான். நான் வரிசை தப்பாமல் அடுக்கிக் கொடுத்தேன். இரண்டு ஒழுங்குக்காரர்கள் சேர்ந்து அந்தப் பெண்ணிடம் உண்மையைக் கையில் கொடுத்துவிட்டோம். அதுவும் இருபத்தெட்டு வருடம் ஷாட்டுக்கு ஷாட் கன்டினியூட்டி பார்த்த கண்! காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு முழம் மேலே நிமிரவில்லை.

"எது நிஜ தேதி அங்கிள்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மே மாதம், செவ்வாய்க்கிழமை, அயர்ன் பண்ணிய சட்டைகள், ஸ்டாக், வெள்ளைத் துண்டு. அவள் அழவில்லை. டாக்டர் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எல்லாம் கேட்டு முடித்துப் பேசினாள்.

"அவரு குரல் கரகரன்னு இருந்துச்சு அங்கிள். முதல் வீடியோலயே கவனிச்சேன். தொண்டையில கரகரப்பு மூணு வாரத்துக்கு மேல இருந்தா செக் பண்ணணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நான் நோட் பண்ணிக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு வீடியோவா கேட்பேன், கூடுதா, குறையுதான்னு. கூடவே இல்ல. அஞ்சு மாசமும் ஒரே மாதிரி. கெட்ட நோயா இருந்தா மோசமாகணும்ல? மோசமாகல. அப்போ ஒண்ணும் இல்ல, பழைய சிகரெட்டுத் தொண்டைன்னு விட்டுட்டேன்."

திரையில் நின்றிருந்த அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"ஒரே நாள் குரலை அஞ்சு மாசமா செக் பண்ணியிருக்கேன்."

எழுதிப் பிழைக்கிறவன் நான். வாரம் ஒரு பக்கம் வாயாடுகிறவன். தண்ணீர்தான் கொண்டு வந்து வைத்தேன். அவள் குடிக்கவில்லை.

"நீ வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதும்மா" என்றேன் கடைசியில். எல்லோரும் சொல்வதுதான்.

"தெரியும் அங்கிள். காப்பாத்த முடியாது. பக்கத்துல இருந்திருக்கலாம்லா."

அந்த 'லா' என்னை அறுத்துவிட்டது. அப்படியே அப்பன் இழுப்பு.

கிளம்பும் முன் இரண்டு வேலை சொன்னாள். ஒன்று, நான் டைப் செய்த பதினெட்டுத் தேதியையும் எடுத்துவிட வேண்டும். பதிவான தேதியைத்தான் போட வேண்டும். இரண்டு, வெளியே போகாத அந்தப் பன்னிரண்டு வீடியோவையும் ஒரு பென்டிரைவில் போட்டுத் தர வேண்டும்.

"பார்க்கப் போறியா?"

"இப்ப இல்ல. பொங்கல் வீடியோவைப் பொங்கலன்னிக்குத் திறப்பேன். பர்த்டே வீடியோ பர்த்டே அன்னிக்கு. ரிசல்ட் வீடியோ ரிசல்ட் வந்தப்புறம்."

"பட்டமளிப்பு?"

"பாஸ் பண்ணாதான பார்க்க முடியும்?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது — அவள் போகப் போகிறாள். குணா போட்ட கணக்கு அவன் போன பிறகும் நடந்துவிட்டது. பென்டிரைவைக் கொடுத்தேன். பைக்குள் போட்டு, பையைத் திறந்து இன்னொரு தடவை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள். கிள்ளானில் கோயில் மண்டபம். பூஜை முடிந்து விளக்கை அணைத்தார்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம் என்று தர்ஷினி சொல்லிவிட்டாள், அதனால் குணாவின் கரகரப்பு மட்டும்தான் கேட்டது. மழை என்றான், மீன் கறி என்றான், மெர்டேக்கா என்றான், தீபாவளி என்றான். சட்டை மாறியது, காலண்டரில் மாதம் மாறியது. கீழ் மூலையில் தேதி மட்டும் மாறவே இல்லை. ஜூன் மாதத்து ஒரே சனிக்கிழமை.

மண்டபத்தில் முதலில் முணுமுணுப்பு. தேதி தப்பு என்று யாரோ சொன்னார்கள். என்னைத் தேடித் திரும்பியவர்களும் உண்டு. அப்புறம் ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டார்கள். முணுமுணுப்பு அடங்கியது. முன்வரிசையில் சாரதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தர்ஷினி அம்மாவின் முதுகில் கையை வைத்திருந்தாள். படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் சாப்பாட்டுப் பக்கம் யாரும் எழுந்து போகவில்லை. கேட்டரிங் ஆள்தான் வந்து, "அண்ணே, சோறு ஆறுது" என்று மெதுவாகச் சொன்னார்.

நேற்று மாலை தர்ஷினியின் ஃபிளைட் போனது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். குணாவின் கோப்புகளை மூடி வைக்கலாம் என்று பார்த்தால், ஓரத்தில் அந்த நீலக்கோட்டுச் சட்டை உட்கார்ந்திருந்தது.

ஆகஸ்டில் வந்த வாழ்த்தில் என்ன சொன்னான் என்பது எனக்கு மனப்பாடம். "டேய் மணியம், பிறந்தநாள் வாழ்த்துடா. அறுபதாயிடுச்சு, இன்னும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருக்கியா? கிள்ளான் என்ன லண்டன்லயா இருக்கு? வாடா ஒரு நாளு." அவ்வளவுதான். பார்த்தேன். ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்று நினைத்தேன். போகவில்லை. கேஎல் சென்ட்ரலில் ஏறினால் ஒரு மணி நேரம். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்... போகவில்லை. நாம் எல்லோரும் இப்போது இப்படித்தானே? முகத்தைப் போனில் பார்த்துவிட்டால் போய்ப் பார்த்த கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

அசலைத் திறந்தேன். தலை வெட்டாதது. குணா சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறான். கேமராவுக்குப் பின்னால் சாரதாவின் குரல்.

"மணியம் அண்ணனுக்கு வேணாங்க. அவரு எடிட்டரு. பார்த்த உடனே கண்டுபிடிச்சிடுவாரு."

குணா கடைசிப் பொத்தானைப் போட்டான். காலண்டரைத் திரும்பிப் பார்த்து மாதத்தைச் சரி பார்த்தான்.

"கண்டுபிடிச்சா என்னா இப்ப? வரட்டும்லா."

அந்த வாழ்த்து என் பிறந்தநாளன்று காலை ஏழு மணிக்கு வந்தது. அவன் தலைக்கு மேலே கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. பதிலுக்கு ஒரு கட்டை விரல் அனுப்பிவிட்டுப் பல் துலக்கப் போனேன்.